எட்டாம் பிட்டும் மலைமுகடும்: பொதி வானொலிக் கட்டுப்படுத்தியின் வரலாறும் சேலம் – நாமக்கல் சமவெளியும்

ஆய்வுச்சுருக்கம்

கணினித் தரவைச் சிறு பொதிகளாகப் பகுத்து வானலைவழி அனுப்பும் முறையை அமெச்சூர் வானொலியர் 1978 முதல் வளர்த்தெடுத்தனர். அம்முறையின் மையக் கருவி, டி.என்.சி. எனச் சுருக்கமாக வழங்கப்படும் முனையக் கணுக் கட்டுப்படுத்தி. இக்கருவி ஒரு வட்டாரத்தில் பயன்பட வேண்டுமாயின் எழுத்து, நிலம், விதி ஆகிய மூன்றும் அதற்கு இடந்தர வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். சேலம் – நாமக்கல் சமவெளியின் நில அமைப்பையும் தமிழ்க் குறியேற்ற வரலாற்றையும் இந்திய அமெச்சூர் வானொலி விதிகளையும் முன்வைத்து இக்கருதுகோள் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பொதி வானொலி, முனையக் கணுக் கட்டுப்படுத்தி, ஏ.எக்ஸ்.25, தமிழ்க் குறியேற்றம், சேர்வராயன் மலை, கொல்லிமலை.

முன்னுரை

தமிழில் கணினி வலையமைப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் திறந்த நிகழ்விலிருந்து தொடங்குவர். அதற்கு முன்னர் 1986-இல் தொடங்கிய கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான எர்னெட்டைச் சுட்டுவோரும் உளர். இவ்விரண்டும் அரசு நிறுவனங்கள் அமைத்தவை. இவற்றுக்கு இணையாக, பயன்படுத்துவோரே சொந்தமாக நிறுவி இயக்கும் வலையமைப்பு என்ற மற்றொரு மரபும் உலகில் வளர்ந்தது. அம்மரபே பொதி வானொலி. அதில் தொலைபேசிக் கம்பி இல்லை. கட்டணம் பெறும் நிறுவனம் இல்லை. உரிமம் பெற்ற ஒருவரின் வீட்டில் ஒரு கணினியும் ஒரு வானொலிக் கருவியும் அவ்விரண்டுக்கும் இடையே ஒரு சிறு பெட்டியும் இருந்தாற் போதும். அப்பெட்டியின் வரலாறு தமிழ் ஆய்வுக்கும் உரியது என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

1. கருவியின் மூன்று நிலைகள்

வானலையில் பொதிகளை அனுப்பும் எண்ணம் அமெச்சூர் வானொலியில் பிறந்ததன்று. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் தலைமையில் அமைந்த அலோகா வலையமைப்பு 1971-இல் செயற்படத் தொடங்கியது. தீவுகளுக்கிடையே பரவிய பல முனையங்கள் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. 1978-இல் கனடா அரசு அமெச்சூர் வானொலியர்க்குப் பொதி வானொலியை அனுமதித்தது. அவ்வாண்டே மொன்றியாலில் முதல் சோதனைகள் நடந்தன. வான்கூவரில் டக் லாக்ஹார்ட்டும் அவர் குழுவினரும் இன்டெல் 8085 நுண்செயலியைக் கொண்டு கட்டுப்படுத்திப் பலகையை உருவாக்கினர்.

அமெரிக்காவின் டூசான் நகர அமெச்சூர் வானொலியர் குழு 1983-இல் தன் முதல் கட்டுப்படுத்தியையும் 1985-இல் டி.என்.சி.-2 எனப்படும் இரண்டாம் கட்டுப்படுத்தியையும் வெளியிட்டது. இசட்80 நுண்செயலியில் இயங்கிய டி.என்.சி.-2 பின்வந்த பல நிறுவனங்களின் கருவிகளுக்கு முன்மாதிரியாயிற்று. 1984 அக்டோபரில் ஏ.எக்ஸ்.25 நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு வெளியானது. பொதுத் தரவு வலையமைப்புகளுக்குரிய எக்ஸ்.25 நெறிமுறையை அடியொற்றி, முகவரிப் பகுதியில் வானொலி அழைப்புக்குறிகளை இடுமாறு அது திருத்தப்பட்டது. இது முதல் நிலை. நெறிமுறை முழுவதையும் பெட்டியே தாங்கியது. எழுத்துகளை அனுப்பவல்ல எளிய முனையம் ஒன்று இருப்பினும் போதும்.

1987-இல் மைக் செப்போனிஸ், ஃபில் கார்ன் ஆகிய இருவரும் முன்வைத்த ‘கிஸ்’ முறை இரண்டாம் நிலையைத் தோற்றுவித்தது. பெட்டியின் பொறுப்புகளில் பெரும்பகுதி கணினிக்கு மாற்றப்பட்டது. பிட்டுகளை ஒலியாக்குதலும் ஒலியைப் பிட்டுகளாக்குதலும் அலைவரிசை ஓய்ந்திருக்கிறதா என அறிதலும் மட்டுமே பெட்டிக்கு எஞ்சின. இதனால் இணைய நெறிமுறைகளையும் வானொலிவழி இயக்க முடிந்தது. மூன்றாம் நிலையில் பெட்டியே மறைந்தது. கணினியின் ஒலியட்டையும் ஒரு மென்பொருளும் அதன் இடத்தைப் பெற்றன. தனிக் கருவி வாங்க வேண்டிய செலவு நீங்கியதால், வசதி குறைந்த கல்லூரி ஆய்வகத்திலும் இன்று பொதி வானொலியைச் செய்துகாட்ட இயலும்.

2. நிறுவுதலும் இயக்குதலும்

கட்டுப்படுத்தியில் இரு இணைப்புகள் உண்டு. ஒன்று கணினியின் தொடர்நிலை வாயிலுக்குச் செல்வது. மற்றொன்று வானொலிக் கருவியின் ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, பேசுவிசை ஆகியவற்றுக்குச் செல்வது. நொடிக்கு 1200 பிட் வேகத்தில் 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் ஆகிய இரு ஒலிகள் மாறிமாறி ஒலிக்கும். ஒவ்வொரு பொதியின் தொடக்கமும் முடிவும் 01111110 என்ற அடையாளத்தால் குறிக்கப்படும். அதே வரிசை தரவுக்குள் தோன்றிக் குழப்பாதவாறு, தொடர்ந்து ஐந்து ஒன்றுகள் வந்தவுடன் கருவி ஒரு சுழியத்தைச் செருகிவிடும். பெறும் கருவி அதனை நீக்கிக்கொள்ளும். இறுதியில் வரும் 16 பிட் சரிபார்ப்புத் தொகை பொருந்தாவிடில் பொதி புறக்கணிக்கப்படும்.

இயக்குவோர் முதலில் தம் அழைப்புக்குறியைப் பதிய வேண்டும். அடுத்து ஒலியளவைச் சீராக்க வேண்டும். ஒலி மிகுந்தால் அலை சிதைந்து, காதுக்கு உரக்கக் கேட்கும் பொதியும் கருவிக்கு விளங்காது போகும். பேசுவிசை இயங்கியபின் அனுப்பி நிலைபெறும் வரை காத்திருக்கும் நேரத்தைப் பத்து மில்லிநொடி அலகில் குறிப்பர். டி.என்.சி.-2 கருவியில் அதன் முன்னியல்பு மதிப்பு 30, அதாவது 0.3 நொடி. அது குறைந்தால் பொதியின் தலைப்பகுதி இழக்கப்படும். மிகுந்தால் அனைவர்க்கும் பொதுவான அலைவரிசை வீணாகும். அலைவரிசை ஓய்ந்தவுடன் காத்திருந்தோர் யாவரும் ஒருசேர அனுப்பி மோதாதிருக்க, கிஸ் முறையில் ஒவ்வொரு நிலையமும் 0.1 நொடிக்கு ஒருமுறை கால்பங்கு நிகழ்தகவுடன் அனுப்ப முற்படுமாறு முன்னியல்பு மதிப்புகள் அமைந்துள்ளன.

3. எழுத்து: எட்டாம் பிட்

டி.என்.சி.-2 பெட்டியின் முன்னியல்பு அமைப்பில் எழுத்தின் நீளம் ஏழு பிட். எட்டாவது பிட் இணைச்சோதனைக்கு உரியது. உரையாடல் நிலையில் எட்டாம் பிட்டைக் களைந்துவிட்டே கருவி செய்தியை அனுப்பும். ஆங்கில எழுத்துகள் ஆஸ்கியின் 128 இடங்களுக்குள் அடங்குவதால் அவ்வமைப்பில் ஆங்கிலச் செய்திக்கு இழப்பில்லை. தமிழுக்கு அது முழு இழப்பாகும். டிஸ்கி குறியேற்றத்திலும், 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட டாப் குறியேற்றத்திலும் ஆங்கிலத்துக்குக் கீழ்ப்பாதியும் தமிழுக்கு மேற்பாதியும் ஒதுக்கப்பட்டன. மேற்பாதியைக் கீழ்ப்பாதியிலிருந்து வேறுபடுத்துவது எட்டாம் பிட் ஒன்றே. அது களையப்பட்டால் ‘சேலம்’ என்ற சொல் தொடர்பற்ற நான்கு ஆஸ்கிக் குறிகளாகச் சென்று சேரும். சரிபார்ப்புத் தொகை, களைந்தபின் எஞ்சிய தரவுக்கே கணிக்கப்படுவதால் பிழையெதுவும் கருவியில் பதியாது என்பது கருதத்தக்கது.

ஆகவே தமிழில் அனுப்ப விரும்புவோர் எழுத்தின் நீளத்தை எட்டாக்கி, இணைச்சோதனையை நீக்கி, எட்டுப் பிட் உரையாடலை இயக்குதல் வேண்டும். இம்மூன்று கட்டளைகளும் கருவியிலேயே இருந்தன. கிஸ் முறை எட்டுப் பிட்டையும் மாற்றமின்றிக் கடத்துவதால் இத்தடை பின்னர் தானாகவே நீங்கியது.

ஆயினும் வேறொரு கணக்கு எழுந்தது. ஒருங்குறியின் யு.டி.எஃப்.-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் தேவை. டிஸ்கியில் 4 பைட்டில் அடங்கிய ‘சேலம்’ இதில் 15 பைட்டாகிறது. 6 பைட்டில் அடங்கிய ‘நாமக்கல்’ 24 பைட்டாகிறது. ஏ.எக்ஸ்.25 பொதியில் தரவுக்கு வழக்கமான உச்ச அளவு 256 பைட். அதில் ஆங்கில எழுத்துகள் 256 அடங்கும். ஒருங்குறியில் தமிழ்க் குறிகள் 85 மட்டுமே அடங்கும். அகன்ற அலைவரிசையில் பொருட்படுத்தப்படாத இவ்வேறுபாடு நொடிக்கு 1200 பிட் செல்லும் வழியில் மும்மடங்கு நேரமாக வெளிப்படுகிறது. முகவரிப் பகுதியோ இன்றும் இலத்தீன் பேரெழுத்துகளையும் எண்களையும் மட்டுமே ஏற்கும்.

4. நிலம்: சமவெளியும் முகடும்

145 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகள் பெரும்பாலும் பார்வைக்கோட்டில் செல்வன. வளிமண்டல விலகலையும் சேர்த்துக் கணித்தால், அலைவாங்கியின் உயரத்தை மீட்டரில் கொண்டு அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வானொலி அடிவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 10 மீட்டர் உயர மாடியிலுள்ள அலைவாங்கிக்கு அது 13 கி.மீ. அத்தகைய இரு நிலையங்கள் சமதரையில் 26 கி.மீ. வரை தொடர்புகொள்ளலாம். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட நேர்த்தொலைவோ ஏறத்தாழ 50 கி.மீ. 1997-இல் தனி மாவட்டத் தலைநகரான நாமக்கல்லையும் சேலத்தையும் மாடியிலிருந்து மாடிக்கு இணைத்தல் அரிது.

வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கொல்லிமலையும் இதற்குத் தீர்வு தருகின்றன. ஏற்காடு சமவெளியைவிட ஏறத்தாழ 1200 மீட்டர் உயர்ந்தது. அங்கிருந்து வானொலி அடிவானம் 140 கி.மீ.க்கு மேல் விரியும். முகட்டில் அமையும் கட்டுப்படுத்தி, பெற்ற பொதியை அதே அலைவரிசையில் மீண்டும் அனுப்பும் எண்ணிம அஞ்சல் நிலையமாகச் செயற்படலாம். எனினும் இராசிபுரத்தை ஒட்டிய போதமலையின் நிழலில் விழும் ஊர்கள் ஏற்காட்டை நேரே காணா. அவ்வூர்களுக்குக் கொல்லிமலையில் இரண்டாம் நிலையம் பொருந்தும்.

மலைநிலையம் ஒரு புதிய சிக்கலையும் உடன்கொண்டு வரும். ஓமலூரில் ஒருவரும் நாமக்கல்லில் ஒருவரும் முகட்டைக் கேட்பர், ஒருவரையொருவர் கேளார். அலைவரிசை ஓய்ந்திருப்பதாக இருவருமே எண்ணி ஒருசேர அனுப்ப, பொதிகள் முகட்டில் மோதும். எவரும் எவரையும் கேளாத எல்லைநிலையில் இவ்வமைப்பு அலோகாவின் தொடக்க நிலைக்கே திரும்புகிறது. அதன் கோட்பாட்டு உச்சத் திறன் 18.4 விழுக்காடு, அதாவது 1200-இல் ஏறத்தாழ 220 பிட். ஒரு முழுப் பொதி 1.9 நொடியும் தொடக்கக் காத்திருப்பு 0.3 நொடியும் கொள்ளும். அஞ்சல்வழி செல்லும்போது அது இருமடங்காகி 4.4 நொடியாகும். 85 தமிழ்க் குறிகளைச் சேர்க்க அத்துணை நேரம் தேவை. தொலைவை வென்று தரும் முகடு, நெரிசலையும் தன்னிடத்தே குவிக்கிறது.

5. விதி

1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி உரிமமின்றி வானொலிக் கருவியை வைத்திருத்தலே குற்றம். 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தின்கீழ் அமைந்த 1978-ஆம் ஆண்டின் அமெச்சூர் சேவை விதிகள் தேர்வு, உரிமம், அழைப்புக்குறி ஆகியவற்றை வரையறுத்தன. 2023-இல் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டம் அப்பழைய சட்டங்களுக்கு மாற்றாக வந்தது.

இவ்விதிகளின் உட்பொருள் இரண்டு. முதலாவது, செய்தி வெளிப்படையாக இருக்க வேண்டும். பொருளை மறைக்கும் நோக்குடன் குறியாக்கம் செய்தல் ஆகாது. இரண்டாவது, பொருளீட்டும் நோக்கம் கூடாது. நாமக்கல், லாரித் தொழிலுக்கும் முட்டை வணிகத்துக்கும் பெயர்பெற்ற ஊர். ஓடும் வண்டியின் இருப்பிடத்தைப் பொதிகளால் அறிவிக்கும் ஏ.பி.ஆர்.எஸ். முறையைப் பாப் புருனிங்கா அமெச்சூர் வானொலியில் உருவாக்கினார். அம்முறை லாரி உரிமையாளர்க்கு மிகவும் பயன்படத்தக்கதாயினும், வணிகப் பயன்பாட்டுக்கு அமெச்சூர் அலைவரிசை திறக்கப்படாது. தேவை மிகுந்தோர்க்கு உரிமம் பொருந்தாது. உரிமம் உடையோர் தம் கல்வியின் பொருட்டே இயங்குவர். ஒரு வட்டாரத்தில் இக்கருவியின் பரவலை மதிப்பிடும்போது இவ்வரையறையைக் கருத்திற் கொள்ளாமல் வறுமையையோ ஆர்வக்குறைவையோ காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

6. வானில் அமைந்த அஞ்சல்

இந்தியப் பொதி வானொலி வரலாற்றின் தெளிவான மைல்கற்கள் சில ஏவுதளத்தில் தொடங்குகின்றன. 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி.-சி12 ஏவுகலன் சுமந்துசென்ற அனுசாட், சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய துணைக்கோள். 40 கிலோகிராம் எடையுள்ள அதன் நோக்கம் செய்தியைச் சேமித்து அனுப்பும் முறையைச் செய்துகாட்டுதல். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்தோனேசியாவின் லாபான்-ஏ2, 145.825 மெகாஹெர்ட்ஸில் ஏ.பி.ஆர்.எஸ். அஞ்சல் கருவியைக் கொண்டது. 6 பாகை சாய்வில் 650 கி.மீ. உயரத்தில் நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றுவதால், அதன் ஒவ்வொரு சுற்றிலும் சேலம் அதன் பார்வைப்பரப்புக்குள் வரும். 2019 ஏப்ரல் 1 அன்று சென்ற பி.எஸ்.எல்.வி.-சி45 ஏவுகலனின் நான்காம் கட்டத்தில் ஆம்சாட் இந்தியா அமைப்பின் ஏ.பி.ஆர்.எஸ். கருவி இடம்பெற்றது. முகட்டு நிலையத்துக்கு வேண்டிய இடமும் மின்சாரமும் பராமரிப்பும் இங்கு வட்டாரத்தாரின் பொறுப்பாவதில்லை. தரையிலுள்ளோர்க்கு ஓர் அலைவாங்கியும் ஒலியட்டையும் போதுமானவை.

முடிவுரை

ஆய்வின்வழிப் பெறப்படுவன: கட்டுப்படுத்தியின் வரலாறு, பொறுப்புகள் பெட்டியிலிருந்து கணினிக்கு நகர்ந்த வரலாறாகும். அந்நகர்வு தமிழெழுத்தின் தடையை நீக்கியது. ஆயின் ஒருங்குறியின் நீளம் புதிய சுமையாயிற்று. சேலம் – நாமக்கல் நிலம் முகட்டு அஞ்சலுக்கு ஏற்றது. எனினும் மறைந்த நிலையங்களின் மோதலுக்கும் அதே நிலம் வழிசெய்கிறது. விதி, கருவியைக் கல்விக்குரியதாக்கி வணிகத்திலிருந்து பிரித்தது.

1978 விதிகள் ஒவ்வொரு நிலையமும் நாட்பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்றன. நாள், நேரம், அலைவரிசை, எதிர்நிலையத்தின் அழைப்புக்குறி ஆகியன அவற்றில் கைப்பட எழுதப்பட்டவை. நிறுவன ஆவணங்களில் இடம்பெறாத ஒரு வலையமைப்புக்கு அவையே முதன்மைச் சான்றுகள். பழைய பெட்டிகள் பழம்பொருள் கடைக்குச் செல்லுமுன், அவற்றையும் அப்பதிவேடுகளையும் இவ்வட்டாரக் கல்லூரி நூலகங்கள் திரட்டிப் படியெடுத்துக் காத்தல் வேண்டும். அப்பணியில் இயற்பியல் துறையும் தமிழ்த் துறையும் ஒருங்கே ஈடுபடத்தக்கன.