தொழிற்கல்வி யாருடைய பிள்ளைக்கு?



சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரம், பாடசாலை வாசலில் ஓர் உம்மா எங்களை நிறுத்திக் கேட்டார்: "தொழிற் பிரிவில சேருங்கோ எண்டு சொல்லுறீங்கள். அப்ப என்ர பிள்ளை மொக்கன் எண்டு முடிவு கட்டிப்போட்டீங்களோ சேர்?"

ஆசிரியர்களாகிய நாங்கள் அன்றைக்குச் சரியான பதில் சொல்லவில்லை. "அப்பிடி இல்ல உம்மா" என்று இழுத்தோம், அவ்வளவுதான். அவர் போன பிறகுதான் யோசித்தோம். அந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. இந்த மண்ணில் பல தலைமுறையாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி. அதன் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் பதிலும் கிடைக்கும் என்று நினைத்து இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

வட்டுக்கோட்டையில் 1823 இல் அமெரிக்க மிஷன் ஒரு செமினரியைத் தொடங்கியது. தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் அங்கே கற்பித்தார்கள். 1855 இல் அது மூடப்பட்டது. படித்து வெளியேறியவர்கள் மிஷன் பணியை விட்டு அரச உத்தியோகத்துக்கே போகிறார்கள் என்பது மிஷனரிகளின் பெரிய மனக்குறை. மேசைக்குப் பின்னால் இருக்கும் வேலை, மாதம் முடியச் சம்பளம், வயது போனால் பென்சன். பின்னாளில் மலாயாவின் ரயில்வேக்கும் கந்தோர்களுக்கும் போனவர்கள் அனுப்பிய பணத்தில் இங்கே கல்வீடுகள் எழும்பின. குடாநாட்டின் படிப்பு ஆசை இப்படித்தான் உருவானது. தண்ணீருக்கும் மண்ணுக்கும் தட்டுப்பாடான இடத்தில் பெற்றோர் போட்ட கணக்கு அது. அதைப் பிழை என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

அதே காலத்தில் மானிப்பாயில் வேறொரு வகையான படிப்பும் நடந்தது. 1847 இல் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மாணவர்களைப் பழக்கினார். பின்பு தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், அதற்கான பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். அவரிடம் பயின்ற தமிழ் வைத்தியர்கள் 60 பேருக்கு மேல். ஆனால் தமிழில் படித்தால் அரச உத்தியோகம் கிடைக்காதே என்று சில மாணவர்கள் தயங்கினார்கள். கையில் தொழில் இருந்தும், அது எந்தக் கதவைத் திறக்கும் என்ற பயம் அன்றே இருந்திருக்கிறது.

இனி அரசாங்கத்தின் முயற்சிகளுக்கு வருவோம்.

1932 இல் கண்டிக்கு அருகே ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று தொடங்கியது. பயிர்ச்செய்கை, சுகாதாரம், கிராமக் கைவினை ஆகியவற்றோடு பாடங்களை இணைக்கும் முயற்சி அது. இந்தியாவில் காந்தியின் வார்தா கல்வித் திட்டம் 1937 இல்தான் வந்தது. அதை வகுத்த குழுவின் தலைவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன், பின்னர் இந்தியாவின் ஜனாதிபதியானவர். ஆக, இந்த யோசனையில் நம் நாடு பின்தங்கியிருக்கவில்லை. ஆனால் ஹந்தெஸ்ஸ திட்டம் கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும் என்று வந்தது. நகரத்து ஆங்கிலப் பாடசாலைக்குள் மண்வெட்டி போகவில்லை. அதைக் கிராமத்துப் பெற்றோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

1943 இல் கன்னங்கரா குழுவின் அறிக்கை வெளிவந்தது. இலவசக் கல்விக்காக அதை நாம் நன்றியோடு நினைக்கிறோம். அதே அறிக்கை பிள்ளைகளைத் தரம் பிரித்து மூன்று வகைப் பாடசாலைகளுக்கு அனுப்பவும் சொன்னது. அதில் ஒரு வகை, கைவேலை கற்பிக்கும் நடைமுறைப் பாடசாலை. 1945 இல் இலவசக் கல்வி வந்தது, மக்கள் அதை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டார்கள். நடைமுறைப் பாடசாலை வேரூன்றவில்லை. வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கும்போது, தன் பிள்ளையை மட்டும் பக்கத்து வாசலால் அனுப்ப எந்தத் தாய் சம்மதிப்பாள்?

1972 இல் வந்தது பெரிய மாற்றம். முந்திய வருட ஏப்ரல் கிளர்ச்சியில், படித்தும் வேலையில்லாத இளைஞர்களின் கோபத்தை நாடு பார்த்திருந்தது. க.பொ.த. சாதாரண தரத்துக்குப் பதிலாக என்.சி.ஜி.ஈ. வந்தது. அதோடு தொழில் முன்னிலைப் பாடங்களும் வந்தன. இந்த முறை எல்லாப் பிள்ளைக்கும் பொது: கொழும்புப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும். முதல் குறை தீர்ந்தது என்றே சொல்லலாம்.

ஆனால் வேறு குறைகள் வந்தன. கருவிகள் போதவில்லை. தொழில் தெரிந்தவருக்குக் கற்பிக்கத் தெரியாது, கற்பிப்பவருக்குத் தொழில் தெரியாது. கரையோரத்துப் பிள்ளைக்கு மீன்பிடியைக் கொப்பியில் எழுத வைத்தால் அவன் என்ன புதிதாகக் கற்பான்? எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, அந்தப் பாடத்தைப் படித்து முடித்தவன் ஏறிப் போக அடுத்த படி இருக்கவில்லை. வடக்கில் இன்னொன்றும் சேர்ந்தது. தரப்படுத்தலால் பல்கலைக்கழக வாசல் ஒடுங்கிய அதே ஆண்டுகளில் "கைத்தொழில் படியுங்கள்" என்று அரசு சொன்னால், அதைச் சந்தேகிக்காமல் யார் இருப்பார்? 1977 இல் ஆட்சி மாறியது, பழைய க.பொ.த. திரும்பி வந்தது.

இது நாட்டின் கதை. எங்கள் சோனகத் தெருவின் கதை கொஞ்சம் வேறு.

எங்கள் சமூகம் பிள்ளைகளுக்கு எப்போதும் எடுத்துக்காட்டுவது ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களை. 1911 இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்து, இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராவின் அதிபர். அவரைச் சொல்லி வளர்த்ததில் தவறில்லை. ஆனால் அதே தெருவில் தையற்காரரும் இரும்புக் கடைக்காரரும் லொறிக்காரரும் இருந்தார்கள். அவர்களுடைய அறிவை நாம் பாடமாகச் சொல்லவேயில்லை.

1990 ஒக்டோபர் 30 அதைச் சொல்லித் தந்தது. ஒஸ்மானியா கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். எங்களில் பலர் அப்போது கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவேயில்லை. பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும். கடை போனது, வீடு போனது, நகை போனது. புத்தளம் போய்ச் சேர்ந்தபோது, நேற்று வரை கல்லாப்பெட்டியில் இருந்தவர்கள் கற்பிட்டியில் தோட்டக் கூலிக்குப் போனார்கள்.

எங்கள் மாமா ஒருவர் தையற்காரர். மெஷினைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. புத்தளத்தில் ஒருவரின் கடை ஓரத்தில் வாடகை மெஷினில் உட்கார்ந்தார். முதல் மாதம் கிழிசல் தைத்தார். பிறகு பாடசாலைச் சீருடை. "எல்லாத்தையும் எடுத்தாங்கள். அளவெடுக்கிற கண்ணை எடுக்கேலாமப் போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவர் தன்னிடம் பழக வந்த பையன்களுக்குத் துணியை வெட்ட விடுவது கடைசியில்தான். முதலில் தெறி தைக்க வேண்டும். பிறகு மடிப்பு. பிறகு கை. "வெட்டின துணி திரும்பி ஒட்டாது" என்பார். அளவை இரண்டு தரம் பார்க்கவும், பிழைவிட்டால் ஒளிக்காமல் வந்து சொல்லவும், பெருநாளுக்கு முதல் நாள் தருவதாகச் சொன்னால் அன்றைக்கே கொடுக்கவும், கோபித்து வரும் ஆளோடு பொறுமையாகப் பேசவும் அந்தப் பையன்கள் அங்கேதான் பழகினார்கள். ஆளுமை விருத்தி என்று இன்று நாம் தனியாகச் செயலமர்வு வைத்துச் சொல்வதும் இதைத்தான்.

ஆனால் அந்தப் பழைய முறையை நாங்கள் முழுதாகப் புகழவில்லை. அடியும் இருந்தது. கூலி இல்லாத வருடங்களும் இருந்தன. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட பையன்கள் அவர்கள். மாமா முப்பது வருடம் தைத்தார். ஆனால் வங்கியில் கடன் கேட்டபோது காட்ட ஒரு துண்டுக் கடதாசி அவரிடம் இருக்கவில்லை.

தொழிலையும் கடதாசியையும் ஒன்றாகத் தருவதுதான் இப்போது வந்திருக்கும் வழி. 13 வருட உத்தரவாதக் கல்வி என்ற திட்டத்தில் 2017 இல் 42 பாடசாலைகளில் தொழிற் பிரிவு தொடங்கியது. சாதாரண தரத்தில் சித்தியா இல்லையா என்று பார்க்காமல் சேரலாம். தரம் 12 இல் மொழி, தகவல் தொழில்நுட்பம், தொழில் முயற்சி போன்ற பொதுப் பாடங்கள் உண்டு. 26 தொழிற் பாடங்களில் விரும்பியதைத் தெரியலாம்: ஆடை, மோட்டார் வாகனம், மின்னியல், அலுமினிய வேலை, உணவு பதனிடல், மென்பொருள், சிறுவர் பராமரிப்பு, இன்னும் பல. பிறகு பயிற்சி நிலையத்தில் வேலை பழகி என்.வீ.கியூ. நான்காம் மட்டம். ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். அந்தப் பட்டத்துக்கென்றே 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இரத்மலானையில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரிலும் 2016 முதல் ஜேர்மன் உதவியோடு கட்டிய பயிற்சி நிலையம் இயங்குகிறது. 1972 இல் இல்லாத அடுத்த படி இன்று இருக்கிறது.

அப்படியானால் மிஞ்சியிருக்கும் குறை எது? பழைய முதல் குறைதான். தவறியவனும் சேரலாம் என்பதை "தவறியவன் சேருமிடம்" என்று நாமே மாற்றிவிட்டோம். ஆசிரியர்களாகிய நாங்களும் இதில் குற்றவாளிகள். நல்ல புள்ளி எடுத்த பிள்ளையிடம் இந்தப் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பெறுபேறு குறைந்தவனைக் கூப்பிட்டுத்தான் சொல்கிறோம். அந்த உம்மா கேட்டதில் என்ன பிழை? தாவூத் நபி இரும்பில் கவசம் செய்தவர் என்று ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டுகிறோம். கலியாணம் பேச வந்தால் "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்றுதான் கேட்கிறோம்.

ஆகவே இம்முறை ஒன்று செய்யத் தீர்மானித்திருக்கிறோம். பெறுபேறு வருமுன்பே, தரம் 10, 11 பிள்ளைகள் எல்லாரையும் பெற்றோரோடு அழைத்து, எல்லாப் பிரிவுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பேசப்போகிறோம். தொழிற் பிரிவைப் பற்றிப் பேச, தொழில் செய்து வாழும் எங்கள் ஊரவரையே கூப்பிடுவோம். உங்களில் வெல்டிங், தையல், வயரிங், பேக்கரி என்று கைவேலை தெரிந்தவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். சான்றிதழ் இல்லாத மூத்தவர்களுக்கும் ஒரு செய்தி: செய்த வேலையின் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வீ.கியூ. கொடுக்கும் முறை இருக்கிறது. வந்து கேளுங்கள், விண்ணப்பம் நிரப்ப உதவுவோம்.

அந்த உம்மாவுக்கு நாங்கள் கடன்பட்ட பதில் இதுதான்: இல்லை உம்மா, உங்கட பிள்ளை மொக்கன் இல்லை. எங்கட பிள்ளைகளையும் இதே மேசைக்குத்தான் கூட்டிக்கொண்டு வாறம்.