ஒரு வெள்ளிக்குத் திரும்பிய தண்டவாளம்

இரயில் பாதை அரசுக்குச் சொந்தமாக இருக்க வேண்டுமா, தனியாருக்கா, அல்லது பாதை அரசிடமும் வண்டி தனியாரிடமுமாக இருக்கலாமா? இந்த மூன்றையும் பதினைந்தே ஆண்டுகளில் செய்து பார்த்த நாடு நியூசிலாந்து.

1993-இல் அந்நாட்டு அரசாங்கம் தன் இரயில் நிறுவனத்தை 328 மில்லியன் நியூசிலாந்து வெள்ளிக்கு விற்றது. வாங்கிய கூட்டணியில் முக்கியமானது அமெரிக்காவின் விஸ்கான்சின் சென்ட்ரல். வண்டிகள், கப்பல்கள், தண்டவாளம் எல்லாம் கைமாறின. நிலம் மட்டும் அரசிடம் நின்றது. அதற்குக் குத்தகை ஆண்டுக்கு ஒரு வெள்ளி!

1995-இல் டிரான்ஸ் ரெயில் என்று பெயர் மாறி, மறு ஆண்டு பங்குச் சந்தைக்கும் வந்தது. ஆனால் பாதைப் பராமரிப்புக்குப் போதிய பணம் ஒதுக்கப்படவில்லை என்ற குறை வலுத்தது. கிறைஸ்ட்சர்ச்சுக்கும் இன்வர்கார்கிலுக்கும் இடையே ஓடிய பயணிகள் வண்டி 2002 பிப்ரவரியில் நின்றது. 2003-இல் ஆஸ்திரேலியாவின் டோல் நிறுவனம் டிரான்ஸ் ரெயிலைத் தன்வசப்படுத்தியது.

2004-இல் அரசாங்கம் தண்டவாளத்தை மட்டும் ஒரு வெள்ளி கொடுத்துத் திரும்பப் பெற்றது. விலைதான் ஒரு வெள்ளி. பழுது பார்க்க 200 மில்லியன் ஒதுக்க வேண்டியிருந்தது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நெடுஞ்சாலையில் கட்டணம் செலுத்தும் எந்த லாரியும் ஓடலாம். மக்கள் பணத்தில் மீண்ட பாதையிலும் அப்படியே யார் வண்டியும் ஓடலாம் என்று திறந்து விட்டிருக்கலாம். நடந்தது அதுவல்ல. சரக்கு ஓட்டும் தனியுரிமை டோலுக்கே கிடைத்தது. ஒரு தடத்தில் சரக்கு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைந்தால்தான் மற்றவர் நுழைய முடியும். பதிலாக, பாதையைப் பயன்படுத்த டோல் கட்டணம் செலுத்த வேண்டும்.

எவ்வளவு கட்டணம்? அதில்தான் இழுபறி. ஆண்டுகள் கடந்தும் இரு தரப்பும் உடன்படவில்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை விரித்தவர் விலை பேசினால் எடுபடுமா? அந்த வாடிக்கையாளர் வண்டியை நிறுத்தினால் பாதையில் புல்தான் முளைக்கும். போட்டியாளரை அழைக்கலாம் என்றாலும், நாற்பது இலட்சம் சொச்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் இரண்டாவது நிறுவனத்துக்குச் சரக்கு எங்கே? திறந்த பாதை பேச்சுக்கு இனிக்கும். ஓட வண்டி வேண்டுமே.

கடைசியில் நிதியமைச்சர் மைக்கல் கல்லன் வண்டிகளையும் கப்பல்களையும் வாங்கிவிட முடிவு செய்தார். 2008 ஜூலை 1-ஆம் நாள் அவை 690 மில்லியன் வெள்ளிக்கு அரசிடம் வந்தன. விற்ற விலையைவிட இரு மடங்குக்கும் அதிகம். புதிய பெயர், கிவிரெயில்.