ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி: பிபிசி மைக்ரோவும் ஒரு காகித கெப்பாசிட்டரும்

கம்ப்யூட்டர் வரலாறுன்னாலே நாம பிராசசர், மெமரின்னுதான் பேசுவோம். கரண்ட் கொடுக்கிற பெட்டியை யாரும் கண்டுக்கறதில்ல. ஆனா 40 வருஷம் கழிச்சு ஒரு மெஷின் பிழைக்குமா இல்லையான்னு பல நேரம் முடிவு பண்றது அந்தப் பெட்டிதான். இன்னைக்கு அதைத் திறந்து பார்ப்போம்.

மெஷின் பெயர் பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்டது. மக்களுக்குக் கணினி அறிவைக் கொண்டுபோக பிபிசி எடுத்த முயற்சியின் ஒரு பகுதி இது. 1982 ஜனவரியில் டிவி தொடரும் ஆரம்பமாச்சு. 12,000 மெஷின் விற்கும்னு நினைச்சாங்க. 15 லட்சத்தைத் தாண்டிப் போச்சு. நமக்கும் இதுல தொடர்பு உண்டு. 1984ல மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது இதே மெஷின்தான்.

என்கிட்ட இருக்கிறதை ஒரு நண்பர் இங்கிலாந்துல இருந்து கொண்டுவந்தார். கடைசியா எப்ப ஓடுச்சுன்னு அவருக்கே தெரியாது. அங்கேயும் இங்கேயும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜ். பிளக்குக்கு ஒரு அடாப்டர் போதும். மேசைமேல வச்சாச்சு, விரல் ஸ்விட்ச்சுக்குப் போயாச்சு. போடலாமா? கூடாது. காரணம் சொல்றேன்.

முதல்ல வந்த பிபிசி மைக்ரோக்கள்ல லீனியர் பவர் சப்ளை இருந்தது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும்; மிச்சமாகிற சக்தியை ரெகுலேட்டர் வெப்பமா வெளியே தள்ளும். மூடின பெட்டிக்குள்ள அது தாங்கல, ரொம்ப சூடாச்சு. சீக்கிரமே ஸ்விட்ச்-மோடு சப்ளைக்கு மாறினாங்க. பெரும்பாலும் ஆஸ்டெக் நிறுவனம் செஞ்சது. இதுல மெயின்ஸ் கரண்ட்டை முதல்ல டிசியாக்கி, வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்புவாங்க. அதனால சின்ன டிரான்ஸ்ஃபார்மரே போதும், சூடும் குறைவு.

ஆனா அப்படி வெட்டும்போது இரைச்சல் உண்டாகும். அது வயர் வழியா திரும்பிப் போய் பக்கத்து வீட்டு ரேடியோ, டிவியைக் கெடுக்கும். அதைத் தடுக்க லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல ஒரு கெப்பாசிட்டர் போடுவாங்க. எக்ஸ்2 வகைன்னு பேர். அந்தக் காலத்துல பலதும் உலோகம் பூசின காகிதத்தால ஆனது. காகிதம் நல்ல தேர்வுதான். உள்ளே சின்னதா ஷார்ட் ஆனா, அந்த இடத்து உலோகம் மட்டும் ஆவியாகி, தன்னைத்தானே சரிபண்ணிக்கும். பிரச்சினை மேல இருக்கிற பிளாஸ்டிக் உறை. வருஷக்கணக்குல அதுல விரிசல் விழும். திறந்துவச்ச பிஸ்கட் பாக்கெட் மாதிரி உள்ளே இருக்கிற காகிதம் நமுத்துப்போகும். பிறகு ஒருநாள் மெயின்ஸ் கொடுத்தா சூடாகி, வெடிச்சு, வீடு முழுக்க நாத்தம் பிடிச்ச புகை.

வேடிக்கை என்னன்னா, அது வெடிச்ச பிறகும் கம்ப்யூட்டர் பல நேரம் ஓடிக்கிட்டே இருக்கும். ஏன்னா அந்தக் கெப்பாசிட்டர் கம்ப்யூட்டருக்காக வச்சதே இல்ல, பக்கத்து வீட்டுக்காக வச்சது.

என் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கெப்பாசிட்டர் மேல முடி மாதிரி மெல்லிசா கோடுகள். யார் குத்தமும் இல்ல, வயசு. கழட்டிட்டு, ஈரம் இழுக்காத பாலிப்ரொப்பிலீன் எக்ஸ்2 போட்டேன். சாதாரண கெப்பாசிட்டர் இங்க ஆகாது. மெயின்ஸ்ல நேரா உட்கார்றதுக்குன்னே தனித் தரம் இருக்கு. ஒரு எச்சரிக்கை: ஆன் பண்ணி அணைச்ச பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல தேங்கி நிக்கலாம். என் ஆபீஸ் வேலையில தப்பா ஒரு கோட் போனா ரோல்பேக் பண்ணிடுவேன். இங்க ரோல்பேக் கிடையாது. அதனால பழக்கமுள்ள ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணனைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் செஞ்சேன்.

மதர்போர்டை இணைக்காம, ஒரு ரெசிஸ்டரை லோடா மாட்டி அளந்தோம். 5.05 வோல்ட். "ம், போடு தம்பி"ன்னார் அண்ணன். எல்லாத்தையும் மாட்டி ஸ்விட்ச் போட்டேன். ரெண்டு சுருதியில அந்தப் பீப். திரையில 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே'.

உள்ளே மாத்திட்டா அது இன்னும் அசல் மெஷினான்னு சிலர் கேட்பாங்க. பழைய பாகத்தை ஒரு சின்ன டப்பாவுல தேதி எழுதி வச்சிருக்கேன். வரலாறு அங்க பத்திரமா இருக்கு. ஆனா ஓடாம அலமாரியில நிக்கிற கம்ப்யூட்டரைவிட, ஒரு பாகம் மாறி ஓடுற கம்ப்யூட்டர்தான் தன் காலத்தைப் பற்றி அதிகம் சொல்லுது.

உங்க வீட்டுப் பரண்ல பழைய மெஷின் ஏதாவது இருந்தா, ஆசைக்கு ஒரு தடவைன்னு பிளக்கைச் சொருகிடாதீங்க. முதல்ல திறந்து பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.