ஒரு கேள்விக்குறியின் வரலாறு: எண்டோமெட்ரியோசிஸும் தன்னெதிர்ப்பு நோய்களும்

ஒரு நோய்க்கு இடப்படும் பெயர், அதை உடலின் எப்பகுதியில் தேடவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே சூலகத்திலும் வயிற்றறைச் சவ்விலும் வளர்ந்து கடும் வலியையும், சிலருக்குக் குழந்தைப்பேறின்மையையும் உண்டாக்குகிறது. இந்நிலைக்கு 'எண்டோமெட்ரியோசிஸ்' என்னும் பெயரை 1920களில் நிலைபெறச் செய்தவர் அமெரிக்காவின் ஆல்பனி நகர மகளிர் மருத்துவர் ஜான் சாம்ப்சன். மாதவிலக்குக் குருதியின் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கிச் சென்று, அதிலுள்ள உயிரணுக்கள் வயிற்றறையில் வேரூன்றுகின்றன என்பது 1927இல் அவர் தந்த விளக்கம். பெயர், விளக்கம் இரண்டும் கருப்பையையே சுட்டின. நோயும் மகளிர் மருத்துவத்தின் எல்லைக்குள்ளேயே நின்றது.

அவ்வெல்லைக்குள் சமூகத் தீர்ப்பும் நுழைந்தது. திருமணத்தையும் மகப்பேற்றையும் தள்ளிப்போடுவதே இந்நோயை வளர்க்கிறது என்று 1940களில் பாஸ்டன் மருத்துவர் ஜோ மீக்ஸ் வாதிட்டார். 'வேலைக்குப் போகும் பெண்களின் நோய்' என்ற பட்டம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

நோய் எதிர்ப்பியலிலும் அக்காலத்தில் ஒரு தடை இருந்தது. உடலின் காவலமைப்பு தன்னையே தாக்குவதை உடல் அனுமதிக்காது என்று 1901இல் பால் எர்லிக் கூறிய கருத்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கோலோச்சியது. 1956-57இல் தைராய்டு சுரப்பி பற்றிய ஆய்வுகளே அதைத் தகர்த்தன. 'தன்னெதிர்ப்பு நோய்' என்ற வகைப்பாடு அதன் பின்னரே உறுதியாகக் காலூன்றியது.

இரு பாதைகளும் சந்திக்க ஒரு புதிர் வழிவகுத்தது. கருக்குழாய் அடைபடாத பெண்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு மாதவிலக்கின்போது வயிற்றறைத் திரவத்தில் குருதி காணப்படுவதாக 1984இல் ஓர் ஆய்வு காட்டியது. பின்னோக்கிய பாய்ச்சல் பெரும்பாலோருக்கு நிகழ்கிறது என்றால், நோய் சிலருக்கு மட்டும் வருவது ஏன்? இடம்மாறிய உயிரணுக்களை எதிர்ப்பு மண்டலம் ஏன் அகற்றவில்லை? 1987இல் நோர்பர்ட் கிளைஷரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே ஒரு வினா: எண்டோமெட்ரியோசிஸ் ஒரு தன்னெதிர்ப்பு நோயா?

2002இல் வெளியான ஓர் ஆய்வு, இந்நோயுள்ள 3,680 அமெரிக்கப் பெண்கள் அளித்த விடைகளை ஆராய்ந்து, முடக்குவாதம், லூபஸ் போன்றவை அவர்களிடையே மிகுதி எனக் கண்டது. ஆயினும், அவர்கள் ஒரு நோயாளர் சங்கத்தின் உறுப்பினர்கள். அத்தகைய குழுவின் விடைகளைக் கொண்டு எல்லாப் பெண்களையும் பற்றி முடிவுகட்ட இயலாது.

மரபணுவியல் வேறொரு வழியைத் திறந்தது. ஏறத்தாழ 60,000 நோயாளர்களின் தரவுகளை உள்ளடக்கிய 2023ஆம் ஆண்டு ஆய்வு, நோயுடன் தொடர்புடைய 42 மரபணு இடங்களை அடையாளம் கண்டது. ஐக்கிய இராச்சியத்தின் உயிரித் தரவு வங்கியைக் கொண்டு 2025இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களுக்கு முடக்குவாதம், மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ், சீலியாக், சோரியாசிஸ், மூட்டுத் தேய்மானம் ஆகியவற்றின் வாய்ப்பு 30 முதல் 80 விழுக்காடு வரை கூடுதல் என்றது. இது ஒப்பீட்டு அளவு. நூறு பேரில் எண்பது பேருக்கு இந்நோய்கள் வரும் என்பது இதன் பொருளன்று.

மரபணு ஒட்டுறவு மூட்டுத் தேய்மானத்துடன் 0.28, முடக்குவாதத்துடன் 0.27, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸுடன் 0.09. முதலிடம் பெறும் மூட்டுத் தேய்மானம் மரபான தன்னெதிர்ப்பு நோய்ப் பட்டியலில் இல்லை என்பது கருதத்தக்கது. ஆகவே 1987ஆம் ஆண்டின் வினாவுக்கு 'ஆம்' என்று விடையளிக்க இத்தரவு போதாது. சில நோய்களின் மரபணு வேர்கள் ஓரளவு பின்னிக் கிடக்கின்றன என்பதே அது சொல்வது. முடக்குவாதத்தைப் பொறுத்தவரை காரணத் தொடர்பும் இருக்கக்கூடும் என அவ்வாய்வு சுட்டுகிறது. அதுவும் இன்னும் உறுதிப்படவேண்டும்.

இத்தரவுகளின் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. மும்பையிலுள்ள தேசிய இனப்பெருக்க, குழந்தைகள் நல ஆய்வு நிறுவனத்தின் தலைமையில் இந்தியப் பெண்களின் மருத்துவ, மரபணுத் தரவுகள் இப்போதுதான் திரட்டப்படுகின்றன. அவை வந்துசேரும்வரை மேலே கண்ட எண்களை இந்தியப் பெண்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் இடுப்புவலிக்கு ஒரு துறையையும் மூட்டுவலிக்கு வேறொரு துறையையும் நாடும் பெண்ணிடம், ஒவ்வொரு துறையும் மற்றைய வலியைப் பற்றியும் கேட்பதற்கு அத்தரவுகள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.