நீர்ப்பூண்டில் வேரூன்றிய வாழ்வு

பர்மாவின் ஷான் பீடபூமியில், கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 2,900 அடி உயரத்தில், வடக்கு தெற்காக நீளும் இரு மலைத்தொடர்களுக்கு நடுவே கிடக்கும் இன்லே ஏரி, பரப்பில் பெரிதேயன்றி ஆழத்தில் பெரிதன்று. கோடையில் பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலாகவே தண்ணீர் நிற்குமாதலால், வெயில் அடிமட்டும் எட்டி, கோரையும் நாணலும் நீர்ப்பாசியும் அங்கே அடர்ந்து மண்டுகின்றன. படகுக்குத் தடை, பயிருக்கு உதவாது என்று அயலார் ஒதுக்கிவிடக்கூடிய அந்தப் பூண்டையே ஜீவனத்துக்கு ஆதாரமாக்கிக் கொண்டவர்கள், தம் முன்னோர் தெற்கே தவாய்ப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று பரம்பரையாகச் சொல்லிவரும் இந்தா மக்கள்.

அவர்களுடைய படகோட்டும் முறையே இதற்கு முதற் சாட்சி. உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவனுக்கு நாணலுக்கு அப்பால் வழி தெரியாது. ஆகவே ஆடவன் படகின் கோடியில் ஒற்றைக் காலில் நின்று, மற்றொரு காலைத் துடுப்பிற் பின்னித் தண்ணீரைத் தள்ளுகிறான். வழியும் தெரிகிறது, வலை வீசக் கைகளும் ஓய்வாகின்றன. மூங்கில் வரிச்சுகளாற் கூம்பாகக் கட்டி, உள்ளே வலை பொருத்திய பெரிய ஊத்தாவை அவன் ஏரியின் அடிவரை அமிழ்த்தி, மேல் வாயின் வழியே நீண்ட கழியாற் குத்திக் கலக்குங்கால், வெருண்டோடும் மீன்கள் வலையிற் சிக்கும். இவ்வேரிக்கே உரிய கெண்டை ஒன்றும் அவற்றில் உண்டு. பெண்களோ உட்கார்ந்து கையால் துடுப்புப் போடுவதே வழக்கம்.

இவர்களுடைய சாமர்த்தியத்தின் சிகரமென்று மிதக்கும் தோட்டங்களையே சொல்ல வேண்டும். கரையோரச் சதுப்பில், மடிந்த கோரையும் வேர்களும் ஆண்டாண்டாகப் பின்னிப் படிந்து, நீரின்மேல் மிதக்கும் தடித்த படலமாகின்றன. அதை நீளநீளமான பாத்திகளாக அறுத்து, படகிற் கட்டி இழுத்துவந்து, மூங்கிற் கழிகளை ஊடே செலுத்தி ஏரித்தரையிற் குத்தி நிறுத்துகிறார்கள். அதன்மேல், ஏரியின் அடியிலிருந்து வாரிய பாசியையும் சேற்றையும் உரமாகப் பரப்பினால், விளைநிலம் ஆயத்தமாகிவிடுகிறது. மாரியில் நீர் ஏறினால் தோட்டமும் ஏறும், வற்றினால் இறங்கும். எனவே பயிருக்கு வெள்ள பயமில்லை. நடுவதும் பறிப்பதும் வரிசைகளினூடே செல்லும் படகிலிருந்தபடியே நிகழ்கின்றன.

தாமரைத் தண்டையும் அவர்கள் விட்டுவிடவில்லை. அதை ஒடித்து மெல்ல இழுத்தால் நீளும் நுண்ணிய நாரை, ஈரக்கையால் பலகைமீது உருட்டித் திரித்து நூலாக்கி, துணி நெய்கிறார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், சாயிங்கான் கிராமத்துப் பெண்ணொருத்தி முதன்முதல் அவ்வாறு நெய்த ஆடையை விஹாரத்துத் தலைமைப் பிக்குவுக்குச் சமர்ப்பித்தாள் என்பது அவ்வூர் மரபு.

பக்தியே அவர்களுடைய ஆண்டுக்கு ஒழுங்கு தருகிறது. பவுங்டோவூ கோயிலிலுள்ள ஐந்து புத்த விம்பங்களுள் நான்கு, மாரியின் இறுதியில் நிகழும் உற்சவத்தில், பறவை வடிவான பொற்படகில் ஊர் ஊராக எழுந்தருள்கின்றன. ஷான் சிற்றரசர்கள் 1959இல் அதிகாரத்தைத் துறக்குமுன், அவர்களுள் ஒருவரின் நியாங்ஷ்வே அரண்மனையிலும் அவை வரவேற்கப்பட்டன. ஐந்து நாளுக்கொரு முறை ஊர் மாறிக் கூடும் சந்தையோ வாரத்தின் அளவுகோல்: மலையிலிருந்து பா‌ஓ மக்கள் கொணரும் தேயிலையும் சுருட்டிலையும், ஏரியின் மீனும் காய்கறியும் அங்கே கைமாறுகின்றன.

இவ்வளவும் நிலைத்ததற்குக் காரணம் அளவறிந்து எடுத்ததே என்று கருதுகிறேன். 1960களுக்குப் பிறகு தக்காளிப் பயிர் லாபம் தர, தோட்டங்கள் வரம்பின்றிப் பெருகின. பூச்சிமருந்தும் செயற்கை உரமும் நீரிற் கலந்தன. 1935க்கும் 2000க்கும் இடையே திறந்த நீர்ப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்குப் பெருங்காரணம் அத்தோட்டங்களே. பூண்டை நிலமாக்கிய கலை, நீரை அழிக்கும் கருவியாகவும் ஆகக்கூடும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. ஏரி ஏரியாக இருந்தாலன்றித் தோட்டத்துக்கு மிதப்பில்லை, மீனுக்கு உறைவிடமில்லை, உற்சவப் படகுக்கு வழியில்லை. ஆகையால், முன்னோர் கைக்கொண்ட உபாயங்களோடு அவர்கள் கைக்கொண்ட மிதத்தையும் காப்பதே, அம்மக்களுக்கும் அவர்களை ஆள்வோருக்கும் உரிய கடமை.