ஸ்கஸி நிலைக்குறியீடு

ஸ்கஸி (SCSI) இணைப்புத் தரத்தின்படி, சேமிப்புச் சாதனம் ஒவ்வொரு கட்டளையையும் முடித்ததும் இயக்கிக்குத் திருப்பும் ஒரு பைட் விடை. 1986ஆம் ஆண்டின் முதல் ஸ்கஸி தரத்தில் இதன் கடைசி பிட் குறியீட்டில் சேராதது. எனவே லினக்ஸ் கர்னல் அதை உதறி, மதிப்பை ஒரு பிட் வலப்புறம் நகர்த்தி நெடுங்காலம் கையாண்டது. தரத்தின் மூல மதிப்புகளும் பின்னர் மாறிலிகளாகச் சேர்ந்தபோதுதான் ஆபத்து தொடங்கியது. தரப்படி 2 என்றால் பிழை விவரத்தைக் கேட்டுப் பார்க்கவேண்டும் என்று பொருள். நகர்த்திய கணக்கில் அதே 2, நிபந்தனை நிறைவேறியது என்ற நற்செய்தி. ‘சாதனம் வேலையாக இருக்கிறது’ என்பது தரத்தில் 8, பழைய கணக்கில் 4. இரண்டும் வெறும் முழு எண்களே என்பதால், மாற்றி ஒப்பிட்டாலும் கம்பைலர் எச்சரிக்காது. படிக்கத் தவறிய வட்டு சரியாக இருப்பதாகவே எண்ணி இயக்கி நகர்ந்துவிடலாம். தரவு இழப்புக்கு இதைவிட எளிய வழி வேண்டியதில்லை.

பழைய எண்களை நீக்கினால் அவற்றை நம்பிய பயன்பாடுகள் உடையுமே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் பழையதை உடைக்கமாட்டோம் என்ற கர்னலின் ஒப்பந்தம் பயனர் நிரல்களோடுதான். அதன் உட்புறத்தோடு அல்ல. 2021இல் லினக்ஸ் பழைய மாறிலிகளை உள்ளிருந்து அகற்றியது. பயனர் நிரல்களுக்கான பொதுவான ஸ்கஸி இடைமுகமோ மூல நிலையையும் நகர்த்திய நிலையையும் தனித்தனிப் புலங்களில் இன்னும் தருகிறது. நகர்த்தும் வேலை எல்லையில் மட்டும் நடக்கிறது.