ஓலையின் ஓரத்தில் ஓர் எண்

பி.காம். வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: கணக்கில் ஐந்நூறு ரூபாய் என்று எழுதினால் போதாது, பற்றா, வரவா, எந்தப் பக்கத்தில் எழுதினாய் என்பதுதான் முக்கியம். இடம் மாறினால் கடன் கொடுத்தவன் கடன்காரன் ஆகிவிடுவான்! பழைய ஏடுகளைப் படியெடுக்கிறவர்களுக்கும் இதே பாடம்தான்.

1888. பத்துப்பாட்டு ஏடுகளைத் தேடித் திருநெல்வேலிச் சீமையில் அலைந்துகொண்டிருந்தார் உ.வே.சாமிநாதையர். தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரி. லட்சுமண கவிராயர் வீட்டுச் சுவடிகளைப் புரட்டியும் பலனில்லை. மனம் சோர்ந்திருந்த இரவில், தம் மாமனார் வீட்டிலிருந்து ஒரு சுவடியைக் கொண்டுவந்து நீட்டினார் கவிராயர். நிலா வெளிச்சத்தில் பிரித்தால்... 'முல்லைப்பாட்டு' என்ற பெயர்!

ஏடு கிடைத்துவிட்டது, கதை முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? ஆரம்பமே அங்கேதான்.

ஓலையில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி. ரகரமும் காலும் ஒரே கோடு. பாட்டின் அடி எங்கே முடிகிறது என்று காட்ட மாட்டார்கள். ஓலை முடிகிற வரை எழுதிக்கொண்டே போவார்கள். உரை இருந்தால் மூலமும் உரையும் ஒரே ஓட்டமாக ஓடும். கயிறு கோக்கிற துளையைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அதைப் பார்த்து 'இங்கே ஒரு சொல் போய்விட்டது' என்று நினைத்தால் தப்பு. பூச்சி அரித்த ஓட்டையைப் பார்த்து அப்படி நினைக்காவிட்டாலும் தப்பு!

இடப்பக்க ஓரத்தில் தமிழ் எண் ஒன்று இருக்கும். ஏட்டெண். 'இது பாட்டில்லையே' என்று படியெடுப்பவர் அதை விட்டுவிட்டார் என்று வையுங்கள். கயிறு அறுந்து, ஏடுகள் முன்பின்னாக மாறிப்போன கட்டு அது. பாட்டே தடம் புரண்டுவிடும். ஓலை செல்லரித்துப் போன பிறகு, படி ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியிடம் ஏட்டெண் இல்லையென்றால், தப்பைப் பிடிப்பது மகா கஷ்டம்.

1889-ல் பத்துப்பாட்டு, நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் வந்தது. மூலம் எது, உரை எது என்று பிரித்துப் படிக்க முடிந்தது. நமக்கு அது வரம். ஆனால், ஓலை எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துக் காட்ட அச்சுப் பக்கத்தில் இடம் ஏது?

அவர் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தது 1887. சரியாக நூறு வருஷம் கழித்து, 1987-ல், அமெரிக்காவில் வாஸர் கல்லூரியில் அறிஞர்கள் சிலர் கூடினார்கள். நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பொதுவான விதிகள் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 'டி.இ.ஐ.' என்ற முறை அப்படிப் பிறந்தது. இங்கே புதுப் பக்கம், இங்கே புது வரி, இது ஓரக் குறிப்பு, இது சிதைந்த இடம், இது பதிப்பாசிரியர் சேர்த்தது என்று ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம். எழுத்தும் இருக்கும், அது இருந்த இடமும் பதிவாகியிருக்கும்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் கணக்கு நோட்டு இருக்கிறதா? டைப் செய்யும்போது, அடித்துவிட்ட பெயரையும் சேர்த்தே எழுதுங்கள், 'அடிக்கப்பட்டது' என்ற குறிப்போடு. அந்தப் பெயரை அவர் ஏன் அடித்தார் என்று உங்கள் பேரன் கேட்கக்கூடும். கேட்பதற்கு அந்தப் பெயராவது அவனுக்குக் கிடைக்க வேண்டாமா?